ஒரு நாள் விட்டு ஒரு நாள் எரிந்த விளக்கு

எங்கள் வேனை ஓட்டும் பெண்ணுக்கு நாங்கள் வைத்த பெயர் பைலட். கேலியாகத்தான் ஆரம்பித்தது. வண்டியில் ஏறியதும் இரண்டு பக்கக் கண்ணாடிகளையும் சரிசெய்வாள், சீட்டை ஒரு விரற்கடை முன்னால் இழுப்பாள், பெல்ட்டைப் போடுவாள், முழுசாகத் திரும்பி எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்ப்பாள். "எல்லாரும் பெல்ட் போட்டாச்சா? யாருக்காவது தலை சுத்துதா? கிளம்பலாமா?" அதற்குப் பிறகுதான் சாவியைத் திருப்புவாள். அடுத்த தெருவுக்குப் போவதானாலும் இதே கதைதான். "விமானம் கிளம்புதாக்கும்" என்று ஒரு நாள் எங்களோடு வரும் பேக்கரிக்காரர் முணுமுணுத்தார். அன்றிலிருந்து பைலட். அவளுக்கும் அந்தப் பெயர் பிடித்துவிட்டது என்பது அவள் அதைக் கேட்டுக் கோபப்படுவதாக நடித்த அழகிலேயே தெரிந்தது.

நாற்பத்து மூன்று வயது, குள்ளம், வாய் ஓயாது. எங்களை ஏற்றிக்கொண்டு போவதற்கு முன் எட்டு வருஷம் ஒரு மரச்சாமான் கடைக்கு வண்டி ஓட்டியிருக்கிறாள். "பீரோவுக்கும் மனுஷங்களுக்கும் என்ன வித்தியாசம்னு கேளுங்க. பீரோ வாந்தி எடுக்காது. ஆனா பீரோ 'பத்திரமா போம்மா'ன்னு சொல்லவும் சொல்லாது" என்பாள். புருஷன் ஐஸ் தொழிற்சாலையில் மெஷின் பார்க்கிறார். வேன் அவளுடைய சொந்த வண்டி. அப்போது அதற்குப் பதினான்கு வயது.

நாங்கள் சிறுநீரகம் கைவிட்டவர்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் சிகிச்சை மையத்துக்குப் போய் நாலு மணி நேரம் மெஷினோடு கட்டுண்டு கிடந்து, ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். திங்கள், புதன், வெள்ளி எங்கள் கூட்டம். செவ்வாய், வியாழன், சனி வேறு கூட்டம். இரண்டு கூட்டத்துக்கும் பைலட்தான். ஒரு முறை போகாவிட்டால் கால் வீங்கும். இரண்டு முறை போகாவிட்டால் மூச்சு வாங்கும். அதற்கு மேல் நான் எழுத விரும்பவில்லை.

பின்னால் உட்கார்ந்தால் எனக்குக் குமட்டும். அதனால் முன் சீட்டு எனக்கு. பைலட் என்னை முன்சீட்டு அக்கா என்றுதான் கூப்பிடுவாள். முன் சீட்டில் உட்கார்ந்தவளுக்கு ரோடு தெரியும், டிரைவரின் கொட்டாவி தெரியும், டாஷ்போர்டும் தெரியும். ஒரு திங்கட்கிழமை காலை, டாஷ்போர்டில் மஞ்சளாக ஒரு விளக்கு எரிந்தது. எஞ்சின் படம் போட்ட விளக்கு. மையத்தின் வாசலுக்கு ஒரு தெரு இருக்கும்போது பைலட் வண்டியை ஓரம் கட்டினாள். கைப்பையிலிருந்து தீப்பெட்டி அளவில் ஒரு கருவியை எடுத்து, ஸ்டீயரிங்குக்குக் கீழே எங்கேயோ சொருகி, போனில் இரண்டு முறை தட்டினாள். விளக்கு அணைந்தது.

"என்னம்மா அது?" என்றேன்.

"ஒண்ணுமில்லக்கா. சும்மா பயம் காட்டும். கோடு ஒண்ணு வரும், அழிச்சுட்டா போயிடும்."

"எது வரும்?"

"கம்ப்யூட்டர் என்ன கோளாறுன்னு ஒரு நம்பர் போட்டுக் காட்டும். அதான் கோடு. புகைக்குழாயில இருக்கற சென்சாருன்னு சொல்லுது. ரெண்டு வாட்டி மாத்தியாச்சு. அப்பவும் சொல்லிட்டே இருக்கு, கழுத."

நான் முப்பத்தொரு வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தியவள். பிழையை அழிப்பதற்கும் திருத்துவதற்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லிச் சொல்லியே என் தொண்டை வறண்டது. எத்தனையோ பேர் தப்பான வரியின் மேல் வெள்ளைக் காகிதத் துண்டை ஒட்டிவிட்டு, "முடிஞ்சுது மேடம்" என்று வந்து நின்றிருக்கிறார்கள். எனக்கு அப்போதே சுர்ரென்று ஏறியது. ஆனால் அவள் வண்டி, அவள் கருவி. என் ரத்தம் அழுக்காயிருந்த நேரம் வேறு. வாயை மூடிக்கொண்டேன். அதற்காக இப்போதும் என்மேல் எனக்குக் கோபம் உண்டு.

அவள் ஏன் அழித்தாள் என்பது பிறகு தெரிந்தது. மைய வாசலில் மேற்பார்வையாளர் ஒருவர் கையில் அட்டையோடு நிற்பார். எந்த வண்டியிலாவது எச்சரிக்கை விளக்கு எரிந்தால் குறித்துக்கொள்வார். மூன்று குறிப்பு சேர்ந்தால் அந்த வண்டிக்கு வேலை இல்லை. ஆகவே மூன்று மாதமாக, விளக்கு எரிந்த நாளெல்லாம் பைலட் அந்தத் தெருமுனையில் நிறுத்தி, பிள்ளைக்கு மூக்குத் துடைத்துவிட்டுப் பள்ளிக்குள் அனுப்புகிற மாதிரி அழித்துவிட்டு உள்ளே வந்திருக்கிறாள்.

மாட்டிக்கொண்டது வருஷாந்திர வண்டிப் பரிசோதனையில். காலையில் அழித்துவிட்டுத்தான் போயிருக்கிறாள். விளக்கு எரியவில்லை. ஆனால் பரிசோதகர் தன் கருவியைச் சொருகிப் பார்த்துவிட்டு, "நேத்தோ இன்னிக்கோ அழிச்சிருக்கீங்க" என்றாராம். அந்தக் கோடு நம்பரை அழித்தால் வண்டியின் கம்ப்யூட்டர் தன்னைத் தானே சோதித்து வைத்த கணக்கும் சேர்ந்து அழிந்துவிடுமாம். பல நாள் ஓடினால்தான் அந்தச் சோதனைகள் மறுபடி நிறையும். அவை நிறையாத வண்டிக்குச் சான்று கிடையாது. இருபத்தொரு நாள் தவணை கொடுத்தார். அதற்குள் கோளாறைச் சரிசெய்து, சோதனைகளும் நிறைந்து வர வேண்டும். இல்லாவிட்டால் வண்டி ரோட்டில் ஏறக் கூடாது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பைலட் கண்ணாடியைச் சரிசெய்யவில்லை, சீட்டை இழுக்கவில்லை. கதவருகே நின்றுகொண்டு எல்லாவற்றையும் எங்களிடம் சொன்னாள். மூன்று மாதமாக அழித்து வந்ததையும் சேர்த்து.

"எங்களையும் ஏத்திட்டுப் போயிக்கிட்டு இப்படிப் பண்ணலாமாம்மா?" என்று பேக்கரிக்காரர் ஆரம்பித்தார்.

"தப்புதான். வண்டி ஓடறதுல ஆபத்து இல்லேன்னு மெக்கானிக் சொன்னாரு. அதனாலதான். ஆனா உங்ககிட்ட மறைச்சது தப்புதான்."

பைலட்டின் வண்டி நின்றால் என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும். மையம் வேறொரு பெரிய கம்பெனிக்குக் கொடுத்துவிடும். அந்தக் கம்பெனி பஸ் மெயின் ரோட்டில் மட்டும் நிற்கும், வீட்டு வாசலுக்கு வராது. எனக்காவது நடக்கக் கால் இருந்தது. கிரேன்காரருக்கு அதுவும் இல்லை.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பத்திரண்டு வருஷம் கட்டடங்களின் உச்சியில் கிரேன் ஓட்டியவர். சர்க்கரை வியாதியில் சிறுநீரகம் போனது, பிறகு ஒரு கால் போனது. சக்கர நாற்காலியோடு ஏறுவார். வேனின் கடைசியில், பின்கதவை ஒட்டி, நாற்காலியைக் கட்டும் கொக்கி ஒன்று வண்டியோடு வந்திருந்தது. ஆரம்பத்தில் அங்கேதான் கட்டுவார்கள். அங்கே உட்கார்ந்தால் கதவின் தகரம் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். நாலு மாதத்துக்கு முன் ஒரு நாள் அவர், "சரக்கு மாதிரி போறேன்" என்று சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அடுத்த வாரமே நடு ஜன்னலுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு இரும்பு வளையம் முளைத்திருந்தது. அங்கே இருந்த ஒற்றை சீட்டைக் கழற்றிவிட்டு, புருஷனின் டிரில்லை வைத்து பைலட்டே தரையைத் துளைத்து மாட்டியது. அன்று கிரேன்காரர் வழி நெடுக ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். பைலட் கண்ணாடியில் அவரைப் பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டதில் திரும்ப வேண்டிய இரண்டு தெருக்களைத் தவறவிட்டாள்.

சரி, விளக்குக்கு வருவோம். அந்த வெள்ளிக்கிழமையே நான் சொல்லிவிட்டேன். "இனிமே நீ அழிக்கக் கூடாது. எப்ப எரியுது, எங்க எரியுது, யாரு இருந்தாங்க, மழையா வெயிலா, எல்லாம் எழுதணும். சாயந்தரம் மெக்கானிக் படிச்சுப் பாத்துட்டு அவர் கையால அழிக்கட்டும்."

"எழுதினா சரியாயிடுமாக்கா?"

"எழுதாம மூணு மாசம் பாத்தியே, சரியாச்சா?"

அவளுடைய மெக்கானிக்கை நான் உம்மணாமூஞ்சி என்றுதான் குறிப்பிடுவேன். கைசுத்தமான தொழில்காரர். ஆனால் எதைக் கேட்டாலும் "ம்". நாங்கள் எழுதப் போவதைச் சொன்னபோது அந்த "ம்" கொஞ்சம் நீளமாக வந்தது. மகிழ்ச்சி என்று எடுத்துக்கொண்டோம். பைலட் எல்லாவற்றையும் சொன்னதில், தவணை முடியும் வரை விளக்கை அட்டையில் குறிப்பதில்லை என்று மேற்பார்வையாளரும் ஒப்புக்கொண்டார்.

பழைய மெய்ப்புத் தாள்களின் பின்பக்கத்தில் கட்டம் போட்டேன். எங்கள் நாட்களில் நான் எழுதினேன். மற்ற நாட்களில் பைலட் எழுதினாள். கையெழுத்து கோழி கிளறியது போலிருந்தாலும் நேர்மையாக எழுதினாள். திங்கள் எரிந்தது. செவ்வாய் இல்லை. புதன் எரிந்தது. வியாழன் இல்லை. வெள்ளி இல்லை. சனி இல்லை. அடுத்த திங்கள் மறுபடி எரிந்தது. மழைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பெட்ரோலுக்கும் இல்லை.

திங்கள் மதியம் திரும்பி வரும்போது, சிக்னலில் நின்ற நேரத்தில், தாளை மடியில் விரித்து வைத்துச் சத்தமாகப் படித்தேன். என் புத்தி! முன்னால் உட்கார்ந்து படித்தால் பின்னால் எல்லாருக்கும் கேட்கும் என்று தெரியாதா எனக்கு?

"நம்ம கூட்டம் வர்ற நாள்ல மட்டும்தான் எரியுது. வெள்ளிக்கிழமை மட்டும் எரியல. வெள்ளிக்கிழமை என்ன வித்தியாசம்?"

பேக்கரிக்காரர் பட்டென்று சொன்னார். "வெள்ளிக்கிழமை கிரேன்காரர் வரல. அவர் பொண்ணு லீவு போட்டு கார்ல கூட்டிட்டு வந்துச்சு."

சிக்னல் பச்சையானதுகூடத் தெரியாமல் பைலட் நின்றாள், பின்னால் ஹாரன் அடித்தார்கள். கிரேன்காரர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். பேக்கரிக்காரர் கெட்டவர் இல்லை. தோன்றியதைச் சொல்லிவிடுகிற வாய். ஆனால் சொன்னது சொன்னதுதான்.

புதன்கிழமை அவர் வீட்டு வாசலில் ஐந்து நிமிஷம் நின்றோம். கதவு திறக்கவில்லை. போன் அடித்தது, எடுக்கவில்லை. பிறகு பைலட்டுக்கு ஒரு செய்தி வந்தது. 'இன்னிக்கு வரல. நீங்க போங்க. பரிசோதனை முடியட்டும்.'

அன்று விளக்கு எரியவில்லை.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அந்த விளக்கு எரியாததைப் பார்த்து எனக்கு ஒரு கணம் நிம்மதி வந்தது. அப்பாடா, இப்படியே எட்டு நாள் போனால் சான்று கிடைத்துவிடும் என்று மனம் கூட்டிக் கழித்தது. மையத்தில் அவருடைய மெஷின் பக்கம் காலியாகக் கிடந்த கட்டிலைப் பார்த்தபோதுதான் என் நினைப்பு எனக்கே அருவருப்பாக இருந்தது.

மேற்பார்வையாளர் எங்களைவிடத் தெளிவாக இருந்தார். "பிரச்னை எதுன்னு தெரிஞ்சுபோச்சு இல்ல? பரிசோதனை முடியற வரைக்கும் அவரை விட்டுடுங்க. அவர் பொண்ணு ஏதாவது ஏற்பாடு பண்ணிக்கட்டும். ஒருத்தருக்காக மத்தவங்க எல்லாரும் கஷ்டப்பட முடியுமா?"

பைலட் சத்தம் போட்டு நான் அன்றுதான் கேட்டேன். "சார், ஒருத்தரை இறக்கிவிட்டாத்தான் இந்த வண்டி பாஸாகும்னா, அது ஃபெயிலாகவே இருக்கட்டும். நான் பீரோ ஏத்தவே போயிடறேன்."

மேற்பார்வையாளர் அட்டையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். கடைசியில், "நாளைக்கு ஒரு கட்டில் காலி இருக்கு. அவரைக் கூட்டிட்டு வாங்க. ஒரு வாட்டி விட்டதே ஆபத்து" என்று தணிந்த குரலில் சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்காக அவரை நான் பாதி மன்னித்தேன்.

எல்லாரையும் இறக்கிவிட்ட பிறகு பைலட் கிரேன்காரர் வீட்டுக்கு வண்டியைத் திருப்பினாள். நான் இறங்கவில்லை. மெஷினிலிருந்து வந்த உடம்பு, கை கால் எல்லாம் துணி மாதிரி கிடந்தது. ஆனாலும் தாளில் எழுதியது நான், சத்தமாகப் படித்ததும் நான்.

சலவைக் கடைக்குப் பின்புறம் கீழ்த்தளத்தில் வீடு. ஒரே அறையைத் திரை போட்டு இரண்டாக்கியிருந்தார்கள். கதவைத் திறந்த மகளுக்கு அழுது கண் சிவந்திருந்தது. "எவ்வளவு சொல்லியும் கேக்க மாட்டேங்கறாரு. நீங்களாச்சும் சொல்லுங்க." கிரேன்காரர் நாற்காலியில் இருந்தார். இருக்கிற ஒரு காலும் உப்பியிருந்தது. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அண்ணே, என்ன இது?" என்றாள் பைலட்.

"நான் இல்லேன்னா எரியல இல்ல?"

"எரியல."

"அப்புறம் என்ன? வண்டி பாஸாகட்டும். அப்புறம் வர்றேன்."

"அதுவரைக்கும் நீங்க இருக்கணும் இல்ல!" என்று கத்தியது நான். பொறுமை எனக்கு என்றைக்கும் கிடையாது. "என் தாள்ல பேரு வந்துச்சுன்னு ஒரு மனுஷன் சிகிச்சையை விடுவாரா? நான் எழுதினது வண்டியோட குறையைக் கண்டுபிடிக்க. உங்களைக் குறை சொல்ல இல்ல. தெரியாம சத்தமாப் படிச்சிட்டேன். என்னை மன்னிச்சிருங்க."

அவர் மெல்லத் திரும்பினார். நான் மன்னிப்புக் கேட்டதைவிட, நான் கத்தியதுதான் அவரைத் திருப்பியது என்று நினைக்கிறேன். தாளைக் கொடு என்று கை நீட்டினார். கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"செவ்வாய் வியாழன் கூட்டத்துல என்னைவிடக் கனமான ஆளு யாராச்சும் உண்டா?"

"ஒரு ஹோட்டல்காரர் இருக்காரு. நூத்திப் பத்து கிலோ. நீங்க உக்காருற இடத்துக்குப் பின் சீட்டுலதான் உக்காருவாரு" என்றாள் பைலட்.

"அப்ப எடை இல்ல." குரலில் ஒரு வேகம் வந்தது. "கிரேன்ல ஏதாவது முனகினா நாங்க சரக்கைப் பாக்க மாட்டோம். எங்க மாட்டியிருக்கு, எப்படி இழுக்குதுன்னு பாப்போம். ஹோட்டல்காரர் சும்மா உக்காந்திருக்காரு. என்னை மட்டும்தான் கட்டறீங்க. வாரை இறுக்கினா அந்த வளையம் மேல இழுபடும். அதுக்கு அடியில என்ன இருக்கு?"

வாய் ஓயாத அந்தப் பெண் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, தன் உள்ளங்கைகளையே பார்த்தாள்.

"அது நான் போட்ட வளையம்ணே" என்றாள் கடைசியில். "வளையம் போட்டதுக்கு அடுத்த வாரம்தான் முதல் தடவை விளக்கு எரிஞ்சுது. எனக்கு ரெண்டையும் சேத்துப் பாக்கவே தோணல. நல்லது பண்ணதுலேருந்து கெட்டது வரும்னு யாரு நினைப்பா?"

வியாழன் காலை ஏழு மணிக்கு உம்மணாமூஞ்சியின் பட்டறையில் இருந்தோம். எனக்கு அது ஓய்வு நாள், வர வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் வீட்டில் உட்கார்ந்தால் தலை வெடித்துவிடும். வண்டியைக் குழியின் மேல் நிறுத்தினார்கள். உம்மணாமூஞ்சி கையில் விளக்கோடு குழிக்குள் இறங்கினார். மேலே ஜன்னலோரத்தில் கிரேன்காரர் நாற்காலியில் தயாராக இருந்தார். நான் அவருக்குப் பக்கத்தில். பைலட் வாரைப் பிடித்தாள்.

"மெதுவா இறுக்கு" என்றார் கிரேன்காரர். உட்கார்ந்தபடியே ஒரு கையை உயர்த்தி, விரலால் சைகை காட்டினார். எத்தனையோ வருஷம் கீழே நின்றவர்கள் அவருக்குக் காட்டிய சைகையாக இருக்க வேண்டும். "இன்னும். இன்னும் கொஞ்சம். நிறுத்து!"

"ம்" என்றது குழி.

"விடு. மறுபடி இறுக்கு."

"அட!" என்றது குழி.

இத்தனை நாளில் அந்த மனிதரிடமிருந்து நான் கேட்ட முதல் முழு வார்த்தை அது. பைலட் வாரை விட்டுவிட்டுக் குழிக்குள் இறங்கி ஓடினாள். வளையத்தின் போல்ட்டைத் தாங்குவதற்காகத் தரைக்கு அடியில் அவள் ஒரு தகடு வைத்திருந்தாள். அந்தத் தகட்டை ஒட்டியே புகைக்குழாய் சென்சாருக்குப் போகும் ஒயர் கட்டு ஓடியது. சேறு படிந்து, தரையோடு தரையாகத் தெரிந்ததால் அன்று அவள் கவனிக்கவில்லை. வாரை இறுக்கினால் தகடு மேலே எழும்பி, அதன் விளிம்பு ஒயரைக் கவ்வும். வாரைத் தளர்த்தினால் விட்டுவிடும். கவ்விக் கவ்வி மேல்தோல் உரிந்து, உள்ளே செம்பு மினுக்கியது. சென்சாரை இரண்டு முறை மாற்றிய உம்மணாமூஞ்சியும் இதைப் பார்க்கவில்லை. மாற்றும்போதெல்லாம் வண்டியில் யாரும் கட்டுண்டு உட்கார்ந்திருக்கவில்லையே!

பைலட் மேலே ஏறி வந்தபோது மூக்கில் கிரீஸ் ஒட்டியிருந்தது. கிரேன்காரர் முன்னால் நின்று, "என்னாலதான் எல்லாம். உங்களைப் போய்..." என்று ஆரம்பித்து, முடிக்க முடியாமல் அழுதாள்.

அவர் சிரித்தார். உப்பிய முகத்தோடு, மூச்சு வாங்க, நிஜமாகவே சிரித்தார். "என்னாலன்னு நான் நினைச்சு மூணு ராத்திரி தூங்கல. இப்ப நீ ஆரம்பிக்கறியா? போம்மா, மூக்கைத் துடை."

உம்மணாமூஞ்சி கையைத் துடைத்துக்கொண்டே வழி சொன்னார். ஒயரைச் சரிசெய்துவிடலாம். வளையத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, பழையபடி பின்கதவுக் கொக்கியில் கட்டிக்கொள்ளலாம். அரை மணி நேர வேலை.

"அது வேணாம்" என்றாள் பைலட்.

"ம்?"

"அவர் ஜன்னல்கிட்டதான் உக்காருவாரு. வளையத்துக்கு வேற இடம் பாருங்க. ஒயர் இல்லாத இடமா. ரெண்டு மணி நேரம் ஆனாலும் சரி, மூணு மணி நேரம் ஆனாலும் சரி."

உம்மணாமூஞ்சி என்னைப் பார்த்தார். நான் அவரைவிட உம்மென்று முகத்தை வைத்துக்கொண்டேன். பெருமூச்சு விட்டுவிட்டு மறுபடி குழிக்குள் இறங்கினார். இந்த முறை அடிப்பாகத்தைக் கழுவித் துடைத்து, ஒயர் போகும் வழி முழுவதும் சாக்பீஸால் கோடு போட்டார். அதே ஜன்னலுக்கு ஒரு முழம் முன்னால், வண்டிச் சட்டத்தின் கனமான இரும்புக்கு மேலேயே இடம் கிடைத்தது. அங்கே ஜன்னல் இன்னும் நன்றாகத் தெரிந்தது என்று கிரேன்காரர் பிறகு சொன்னார். அவருக்குச் சந்தோஷம் வந்துவிட்டால் எதையும் கூட்டித்தான் சொல்வார். நேரமானதால் அன்றைய கூட்டம் முக்கால் மணி தாமதமாக மையத்துக்குப் போய்ச் சேர்ந்தது. நூற்றிப் பத்து கிலோ ஹோட்டல்காரர் வழி நெடுகத் திட்டினாராம். கிரேன்காரரும் அதே வண்டியில் போய், காலியாக இருந்த கட்டிலில் படுத்தார். விளக்கு எரியவில்லை.

மிச்சம் இருந்தது காத்திருப்பதுதான். கம்ப்யூட்டர் தன் சோதனைகளைத் தானாக முடிக்க வேண்டும். இரவு முழுக்க ஆறிய எஞ்சினைக் காலையில் கிளப்ப வேண்டும், ஒரே வேகத்தில் கால் மணி நேரம் ஓட்ட வேண்டும், நடுவில் எதையும் அழிக்கக் கூடாது. ஓட்டுவது பைலட்டுக்குச் சுலபம். அழிக்காமல் இருப்பதுதான் கஷ்டம். கருவியை என்னிடம் கொடுத்து வைத்தாள். கொடுத்த மறுநாளே, "சும்மா ஒரு வாட்டி சொருகிப் பாத்துட்டுத் தந்துடறேனேக்கா" என்று கெஞ்சினாள்.

"கூடாது."

"படிக்கத்தானே கேக்கறேன், அழிக்கவா போறேன்?"

"உன் விரலை எனக்குத் தெரியும். ரோட்டைப் பாத்து ஓட்டு."

திங்கள் வந்தது, எரியவில்லை. புதன் வந்தது, எரியவில்லை. பேக்கரிக்காரர் ஒவ்வொரு முறை ஏறும்போதும், "எரியுதா?" என்று கேட்பதற்கு முன்னால் கிரேன்காரருக்கு வணக்கம் சொல்லப் பழகிக்கொண்டார். ஒரு நாள் கிரேன்காரரின் வாரைத் தானே குனிந்து இறுக்கினார். அதுதான் அவர் மன்னிப்புக் கேட்கும் முறை.

பரிசோதனை நாள் வியாழக்கிழமை. மற்ற கூட்டத்தை மையத்தில் இறக்கிவிட்டு, அவர்கள் மெஷினில் இருக்கும் நாலு மணி நேரத்துக்குள் முடித்துவிட்டுத் திரும்ப வேண்டும். நானும் போனேன். கிரேன்காரரும் வந்தார். "பாரம் ஏத்தாம டெஸ்ட் பண்ணா அது டெஸ்ட்டா?" என்றார்.

அதே பரிசோதகர். கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு, அதைத் தேடிக்கொண்டிருந்தார். கருவியைச் சொருகினார். பைலட் என் கையைப் பிடித்தாள், ஊசி போட்டுப் போட்டு வீங்கிய கையை. வலித்தது, சொல்லவில்லை.

"எல்லாம் நிறைஞ்சிருக்கு. கோடு எதுவும் இல்ல" என்றார். நான் மூச்சை விட்டேன். அதற்குள் அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். "இது என்ன வளையம்? வண்டியோட வந்தது இல்லையே. யார் போட்டது?"

பைலட், தெரியாது என்று சொல்லியிருக்கலாம். வாங்கும்போதே இருந்தது என்றும் சொல்லியிருக்கலாம். மூன்று மாதம் விளக்கை அழித்துக்கொண்டு வந்த பெண்ணுக்குப் பொய் வராது என்று நினைக்க எனக்குத் தைரியம் இல்லை.

"நான்தான் சார் போட்டேன்" என்றாள் பைலட். "முதல்ல தப்பான இடத்துல போட்டேன். அதுதான் ஒயரைக் கடிச்சு, விளக்கு எரிஞ்சுது. நான் அழிச்சு அழிச்சு மறைச்சேன். இப்ப மெக்கானிக்கை வெச்சு இடம் மாத்திப் போட்டிருக்கோம்."

"பின்னாடி கொக்கி இருக்கே. அதுல கட்டினா என்ன?"

பதில் கிரேன்காரரிடமிருந்து வந்தது. "அங்க உக்காந்தா கதவுதான் சார் தெரியுது. வாரத்துல மூணு நாள் நான் வெளிய வர்றதே இந்த வண்டியிலதான்."

பரிசோதகர் நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கண்டுபிடித்து மூக்கில் இறக்கினார். வாரை இறுக்கச் சொன்னார். இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்து ஆட்டினார், அசையவில்லை. குழிக்குள் இறங்கினார். வெகுநேரம் மேலே வரவில்லை. வந்ததும் நேராக அறைக்குள் போய்விட்டார். நாங்கள் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தோம். இந்தப் பெண் போய்விட்டால் இனி யார் திரும்பி உட்கார்ந்து, தலை சுற்றுகிறதா என்று எங்களைக் கேட்பார்கள்? அன்று கிரேன்காரரை விட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். நாளைக்கு என் உடம்பு தொந்தரவாகி, என்னை விட்டுவிட்டுப் போகச் சொன்னாலும் இவள் போக மாட்டாள். அந்த நிச்சயம் எனக்கு வேண்டியிருந்தது. உயிரோடு இருப்பதற்கு மெஷின் வேண்டும், வாஸ்தவம்தான். அதைவிட இது வேண்டியிருந்தது.

பரிசோதகர் ஒரு தாளைக் கொண்டுவந்து பைலட்டிடம் கொடுத்தார். அவள் அதைப் பார்க்காமலே என்னிடம் நீட்டினாள். நான் வழக்கம்போல முதலில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்றுதான் பார்த்தேன். ஒன்றும் இல்லை. பிறகு சத்தமாகப் படித்தேன். இந்த முறை எல்லாருக்கும் கேட்க வேண்டும் என்றே படித்தேன்.

"தேர்ச்சி. பயணிகள் இருக்கை ஆறு. சக்கர நாற்காலி இடம் ஒன்று, நடு ஜன்னல் ஓரம்."

"கடைசி வரியை இன்னொரு வாட்டி படிங்க" என்றார் கிரேன்காரர்.

படித்தேன்.

"எழுதியே குடுத்துட்டாங்களா?"

"எழுதிக் குடுத்துட்டாங்கண்ணே" என்றாள் பைலட். "இனிமே அந்த இடம் காலியா இருந்தாத்தான் என் வண்டியில குறை."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வண்டி கிளம்பி இரண்டு தெரு தாண்டிய பிறகுதான் பேசினார். "நாளைக்கு வெள்ளிக்கிழமை. எத்தனை மணிக்கு வருவ?" என்று கேட்டார், மூன்று வருஷமாக ஒரு நாள் தவறாமல் ஏழு இருபதுக்கு அவர் வாசலில் வந்து நிற்கும் வண்டியைப் பார்த்து.